ஓட்டுக்குள் ஓர் ஓட்டப் பந்தயம்

யூனிக்ஸ் ஷெல்களின் வேகத்தைப் பற்றிப் போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதினோம். அதற்கு வந்த கேள்விகளில் அச்சிடத் தக்கவை மட்டும் இங்கே.

கே: பாஷ், டாஷ், கார்ன் ஷெல், இசட் ஷெல். இவற்றில் எது வேகம்? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.
– அவசரத்தில் இருப்பவர்

ப: டாஷ்.

கே: அந்த ஒரு வார்த்தையை நம்பி எங்கள் சர்வரில் இருக்கும் எல்லா ஸ்கிரிப்ட்டின் முதல் வரியையும் டாஷுக்கு மாற்றிவிடலாமா?
– அதே ஆள், அதே அவசரம்

ப: தாராளமாக. பாதி ஸ்கிரிப்ட் முதல் பத்து வரிக்குள் பிழை காட்டிப் படுத்துவிடும். சீக்கிரம் முடிந்துவிடுவதால் வேகம் கூடியது போலவே இருக்கும். டாஷில் அர்ரே கிடையாது. இரட்டைச் சதுர அடைப்புக்குள் எழுதும் சோதனை கிடையாது. ‘சோர்ஸ்’ என்ற கட்டளையும் கிடையாது, புள்ளிதான் வைக்க வேண்டும். பாஷில் பழகிய கை எழுதிய ஸ்கிரிப்ட்டில் இந்த மூன்றில் ஒன்றாவது இருக்கும்.

கே: டாஷின் வேகத்துக்கு என்ன ரகசியம் சார்?
– முதலாண்டுக் கணினி மாணவி

ப: இல்லாமைதான் ரகசியம் அம்மா. 1989-ல் கென்னத் அல்ம்குவிஸ்ட் எழுதிய ‘ஆஷ்’ என்ற சிறிய ஷெல்லின் வாரிசு அது. நெட்பிஎஸ்டியில் இருந்ததை 1997-ல் ஹெர்பர்ட் ஷு டெபியனுக்குக் கொண்டுவந்தார். 2002-ல் டாஷ் என்று பெயர் மாறியது. அம்புக்குறியைத் தட்டினால் பழைய கட்டளை வருவது, டேப் அடித்தால் கோப்பின் பெயர் நிரம்புவது போன்ற சௌகரியங்களை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. ஸ்கிரிப்ட்டைப் படிக்கும், ஓட்டும், போய்விடும். டெபியனில் அந்த நிரல் நூறு கிலோபைட்டைக் கொஞ்சம் தாண்டும். பாஷ் ஒரு மெகாபைட்டுக்கு மேல். டாஷுக்கு சி நூலகம் ஒன்று போதும். பாஷ் எழுந்திருக்கும்போதே மொழி அமைப்பைப் பார்க்க வேண்டும், சூழல் மாறிகளில் எதிலாவது ஃபங்ஷன் ஒளிந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தடவ வேண்டும், தன் சொந்த மாறிகளை வரிசையாக நிறுத்த வேண்டும். இத்தனை செய்தும் இன்றைய கணினியில் சில மில்லிசெகண்டுக்குள் எழுந்துவிடுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கே: சில மில்லிசெகண்ட்தான் வித்தியாசம் என்றால் எதற்கு இந்தச் சண்டை?
– ஷெல்லும் வேண்டாம் சண்டையும் வேண்டாம் என்பவர்

ப: ஒரு முறை என்றால் சண்டையே இல்லை. ஷெல் எதையும் ஒரு முறை செய்வதில்லை என்பதுதான் விவகாரம்.

ஷெல் தானாகச் செய்யும் வேலை மிகக் குறைவு; மற்றவர்களைக் கூப்பிட்டு வேலை வாங்குவதுதான் அதன் பிழைப்பு. அப்படிக் கூப்பிடும் முறை கொஞ்சம் விசித்திரமானது. முதலில் ஃபோர்க்: ஷெல் தன்னையே ஒரு நகல் எடுத்துக்கொள்கிறது. மெமரியை முழுக்க நகல் எடுப்பதில்லை; யாராவது ஒரு பக்கத்தில் எழுதும்போது மட்டும் அந்தப் பக்கத்தைப் பிரித்துக் கொடுக்கும் தந்திரம் கெர்னலில் உண்டு. ஆனாலும் பக்க அட்டவணைகளை நகல் எடுத்தாக வேண்டும். அதனால்தான் பெரிய ஷெல் ஃபோர்க் செய்வது சின்ன ஷெல்லைவிடக் கூடுதல் செலவு. அடுத்து எக்ஸெக்: இவ்வளவு பாடுபட்டு எடுத்த நகலைத் தூக்கிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் புது நிரலை ஏற்றுகிறது. அதற்குத் தேவையான நூலகங்களைத் தேடி இணைக்க வேண்டும். வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் கலைக்க வேண்டும். அதுவரை தாய் ஷெல் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும்.

கல்யாண வீட்டில் ஒரு அப்பளம் பொரிக்க ஒரு சமையல்காரரை வண்டி வைத்து அழைத்து வந்து, பொரித்ததும் கணக்கு முடித்து அனுப்பிவிட்டு, அடுத்த அப்பளத்துக்கு இன்னொருவருக்கு வண்டி அனுப்புவது போன்றது இது. அப்பளம் பொரிக்க ஆகும் நேரத்தை யாரும் குறை சொல்ல முடியாது.

கணக்கைப் பாருங்கள். ஒரு வெளி நிரலைக் கூப்பிட்டு அனுப்பத் தோராயமாக 1 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் வரிகள் உள்ள கோப்பில், வரிக்கு ஒரு முறை ‘கட்’ கட்டளையைக் கூப்பிட்டால் 100 நொடி. அதே கோப்பை ‘ஆக்’கிடம் ஒரே தடவையாகக் கொடுத்தால் கண்ணிமைக்கும் நேரம். இந்த 100 நொடியில் எந்த ஷெல் என்பதால் கூடுவதும் குறைவதும் சொற்பம். கூப்பிட்ட தடவைகளை எண்ணுங்கள். ஷெல்லின் பெயரைப் பிறகு பார்க்கலாம்.

கே: எண்ணைக் கூட்டுவதற்குக்கூட வெளியாளைக் கூப்பிடுவதா? எங்கள் பழைய ஸ்கிரிப்ட்களில் ஒன்றோடு ஒன்றைக் கூட்ட ‘எக்ஸ்பிஆர்’ இருக்கிறதே?
– வங்கி ஒன்றின் இரவுப்பணி நிர்வாகி

ப: 1979-ல் ஏழாம் பதிப்பு யூனிக்ஸோடு வந்த போர்ன் ஷெல்லுக்குக் கூட்டல் கழித்தல் தெரியாது. ‘எக்ஸ்பிஆர்’ என்ற வெளி நிரல்தான் கணக்குப்பிள்ளை. இரண்டு எண்களை ஒப்பிடும் ‘டெஸ்ட்’டும் அப்போது வெளி நிரல், ‘எக்கோ’வும் வெளி நிரல். 1971-ன் தாம்சன் ஷெல்லில் ‘இஃப்’, ‘கோட்டூ’ இரண்டுமே வெளியாட்களாக இருந்தன, அதற்கு இது பரவாயில்லை. பின்னால் இவை ஒவ்வொன்றாக ஷெல்லுக்குள்ளேயே குடிவந்தன. இன்று டாலர் குறி போட்டு இரட்டை அடைப்புக்குறிக்குள் எழுதும் கணக்கு போசிக்ஸ் தரத்திலேயே உண்டு, டாஷுக்கும் தெரியும். உங்கள் ஸ்கிரிப்ட்டில் லூப்புக்குள் இருக்கும் எக்ஸ்பிஆரை மட்டும் மாற்றிப் பாருங்கள். இரவுப்பணியில் கொஞ்சம் தூங்கக்கூட நேரம் கிடைக்கலாம்.

கே: போர்ன் ஷெல்லின் மூல நிரலைப் பார்த்துப் பலர் மிரண்டதாகச் சொல்கிறார்களே, உண்மையா?
– ஓய்வுபெற்ற புரோகிராமர்

ப: உண்மை. ஸ்டீபன் போர்ன் பெல் ஆய்வகத்துக்கு வருமுன் கேம்பிரிட்ஜில் அல்கால் 68 மொழியின் கம்பைலரில் வேலை பார்த்தவர். அந்தப் பாசத்தில், சி மொழியில் மேக்ரோக்களை அடுக்கி அதை அல்கால் வேஷம் கட்ட வைத்து ஷெல்லை எழுதினார். சி தெரிந்தவர்களுக்கும் படிக்க முடியவில்லை. வேண்டுமென்றே குழப்பமாக எழுதும் உலக சி நிரல் போட்டி 1984-ல் தொடங்கியதற்கு இந்த நிரலும் ஒரு தூண்டுதல். ‘இஃப்’பைத் திருப்பிப் போட்டு முடிப்பதும் ‘கேஸ்’ஸைத் திருப்பிப் போட்டு முடிப்பதும் அல்கால் பழக்கம். ‘டூ’வையும் திருப்பிப் போட்டிருப்பார், ஆனால் ‘ஓடி’ என்ற பெயரில் கோப்பை எண்ணெண்ணாகக் கொட்டும் கட்டளை ஏற்கெனவே இருந்தது. அதனால் ‘டன்’.

வேகத்துக்காக அவர் செய்த காரியம் இன்னும் துணிச்சலானது. மெமரி போதுமா என்று ஒவ்வொரு முறையும் சோதிக்க மாட்டார். எல்லை தாண்டி எழுதுவார். கெர்னல் அத்துமீறல் என்று சிக்னல் அனுப்பும். அந்த சிக்னலைப் பிடித்து, கூடுதல் மெமரி வாங்கிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வார். பிடிபி-11 கணினியில் ஜோராக ஓடியது. மோட்டோரோலா 68000 சில்லில், பாதியில் நின்ற கட்டளையை மறுபடி தொடர முடியாது. போர்ன் ஷெல்லை அங்கே கொண்டுபோனவர்கள் பட்ட பாடு யூனிக்ஸ் உலகத்தில் பிரசித்தம்.

கே: பாஷின் கையேடே அதை மெதுவானது என்று ஒத்துக்கொள்கிறதாமே?
– டாஷ் கட்சி

ப: ஆமாம். கையேட்டின் கடைசியில் பிழைகள் என்ற தலைப்பின் கீழ், பாஷ் ரொம்பப் பெரியது, ரொம்ப மெதுவானது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். குறையைத் தாங்களே எழுதிவிட்டால் மற்றவர்களுக்கு எழுத ஒன்றும் இருக்காது என்ற நம்பிக்கைதான். குனு திட்டத்துக்காக பிரையன் ஃபாக்ஸ் 1989-ல் வெளியிட்ட ஷெல் அது. பல பத்தாண்டுகளாகச் செட் ரேமி பராமரிக்கிறார். வாயைத் திறந்து கேட்ட வசதியெல்லாம் சேர்த்துக்கொண்டால் இடுப்பளவு கூடத்தான் செய்யும்.

கே: பாஷில் பத்து லட்சம் வரை எண்ண, நெளிவடைப்புக்குள் இரண்டு எண்ணும் நடுவே இரண்டு புள்ளியும் போட்டேன். கணினி மூச்சுத் திணறியது.
– எண்ணிப் பார்க்காதவர்

ப: அப்படி எழுதினால் லூப்பின் முதல் சுற்று தொடங்குமுன்பே பத்து லட்சம் சொற்களையும் மெமரியில் அடுக்கிவிட்டுத்தான் பாஷ் மறுவேலை பார்க்கும். சி மொழி பாணியில் தொடக்கம், எல்லை, கூட்டல் என்று மூன்று பகுதியாக எழுதும் ஃபார் லூப் பாஷிலேயே இருக்கிறது. அது ஒவ்வொன்றாகத்தான் எண்ணும். பத்து லட்சம் வரை ஷெல்லில் ஏன் எண்ண வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். அது உங்கள் குடும்ப விஷயம்.

கே: உபுண்டு ஏன் பாஷை விட்டு டாஷுக்குப் போனது? அதனால் என் ஸ்கிரிப்ட் ஒன்று செத்துப்போனது இன்னும் ஆறவில்லை.
– பழைய காயம்

ப: 2006 அக்டோபரில் வந்த உபுண்டு 6.10-ல் நடந்தது அது. நீங்கள் டெர்மினலில் தட்டும் ஷெல்லை அவர்கள் தொடவில்லை; அது பாஷாகவே இருந்தது. ‘பின் எஸ்ஹெச்’ என்ற பொதுப் பெயர் யாரைச் சுட்டுகிறது என்பதைத்தான் மாற்றினார்கள். காரணம், கணினி எழுந்திருக்கும் நேரம். அந்தக் காலத்தில் பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து உள்ளே நுழையும் திரை வரும்வரை நடப்பதெல்லாம் ஷெல் ஸ்கிரிப்ட். ஒன்று இன்னொன்றைக் கூப்பிட, அது நாலு பேரைக் கூப்பிட, ஷெல் நூற்றுக்கணக்கான முறை பிறந்து பிறந்து சாகும். ஒவ்வொரு பிறவியிலும் சில மில்லிசெகண்ட் மிச்சம் பிடித்தால் மொத்தத்தில் கண்ணுக்குத் தெரியும். தொடக்க நேர வித்தியாசம் உண்மையிலேயே பயன்பட்ட இடம் இதுதான்.

முதல் வரியில் பொதுப் பெயரைப் போட்டுவிட்டு உள்ளே பாஷின் தனி வசதிகளைப் பயன்படுத்திய ஸ்கிரிப்ட்கள் எல்லாம் அன்று மாட்டிக்கொண்டன. உங்களுடையதும் அதில் ஒன்றாக இருந்திருக்கும். குற்றம் யாருடையது என்று கேட்டால், முதல் வரியில் ஒன்று சொல்லி உள்ளே இன்னொன்று செய்தவருடையது என்பேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த மாதிரிச் சொற்களைத் தேடிப் பிடிக்க ‘செக்பாஷிஸம்ஸ்’ என்று டெபியனில் ஒரு கருவியே இருக்கிறது. டெபியனும் 2011-ன் ஸ்குவீஸ் பதிப்பில் டாஷுக்கு வந்தது.

இதற்குள் வேறொருவர் பிரச்சினையின் வேருக்கே போய்விட்டார். லெனார்ட் போட்டரிங் 2010-ல் சிஸ்டம்டியை அறிமுகம் செய்து எழுதியபோது ஒரு சின்னச் சோதனை சொன்னார். கணினியைப் புதிதாக எழுப்பி, ஒரு டெர்மினலைத் திறந்து, அந்த ஷெல்லின் ப்ராசஸ் எண்ணைப் பாருங்கள். எண்கள் வரிசையாகக் கொடுக்கப்படுவதால், உங்களுக்கு முன் எத்தனை பேர் பிறந்தார்கள் என்று தெரிந்துவிடும். அவர் கணக்கில் லினக்ஸில் 1823, மேக்கில் 154. வேகமான ஷெல்லைத் தேடுவதைவிட, எழுப்பும் வேலையிலிருந்து ஷெல்லையே விலக்குவது மேல் என்பது அவர் கட்சி. பெரிய லினக்ஸ் விநியோகங்கள் பெரும்பாலும் அதை ஏற்றுக்கொண்டன. ஆக, டாஷ் ஜெயித்த பந்தயமே பிறகு ரத்தாகிவிட்டது.

டாஷ் மாற்றத்தால் கேட்காமலே ஒரு லாபமும் கிடைத்தது. 2014 செப்டம்பரில் ஷெல்ஷாக் ஓட்டை வெளிவந்தபோது – சூழல் மாறியில் ஃபங்ஷன் தேடும் பாஷின் பழக்கத்தில்தான் அந்த ஓட்டை – பொதுப் பெயரில் டாஷ் இருந்த கணினிகளில் பல வழிகள் தாமாகவே அடைபட்டிருந்தன.

கே: சி ஷெல்லின் வேகம் எப்படி?
– நினைவுகளில் வாழ்பவர்

ப: பழைய கட்டளையை ஆச்சரியக்குறி போட்டு வரவழைக்கும் வித்தை, செல்லப்பெயர் வைக்கும் வித்தை எல்லாம் 1978 வாக்கில் பில் ஜாய் பெர்க்லியில் செய்து கொடுத்த கொடை. அதற்காக அவருக்கு ஒரு கும்பிடு. ஸ்கிரிப்ட் எழுத மட்டும் அதைத் தொடாதீர்கள். பிழைச் செய்தியை மட்டும் தனியாக ஒரு கோப்புக்குத் திருப்பக்கூட அதில் நேரான வழி இல்லை. டாம் கிறிஸ்டியன்சன் இதைப் பற்றி ஒரு குற்றப்பத்திரிகையே எழுதியிருக்கிறார்.

கே: எங்கள் சீனியர் எதற்கெடுத்தாலும் “கார்ன் ஷெல்லில் இது எப்பவோ வந்துவிட்டது” என்கிறார். அடக்க வழி உண்டா?
– ஜூனியர்

ப: இல்லை. அவர் சொல்வது பெரும்பாலும் சரி.

டேவிட் கார்ன் 1983-ல் டொரண்டோ யூஸ்னிக்ஸ் மாநாட்டில் அறிவித்த ஷெல் அது. ஷெல்லுக்குள்ளேயே கணக்கு, அர்ரே, கட்டளை வரியைத் திருத்தும் வசதி எல்லாம் அதில் முன்னாலேயே வந்தவை. அதன் 93-ஆம் ஆண்டுப் பதிப்பு தசம எண்ணிலும் கணக்குப் போடும். நம் விஷயத்துக்கு முக்கியமானது வேறு. ஒரு கட்டளையின் விடையை மாறியில் பிடிக்க டாலரும் அடைப்புக்குறியும் போடுகிறோம் அல்லவா? அங்கே உள்ளே இருப்பது ஷெல்லின் சொந்தக் கட்டளையாகவே இருந்தாலும் பாஷ் தன்னை ஒரு நகல் எடுத்துக்கொண்டுதான் செய்யும். கார்ன் ஷெல் 93, முடிந்தவரை நகல் எடுக்காமலே தனக்குள் வேலையை முடித்துவிடும். ஃபங்ஷன்களை அடுக்கடுக்காகக் கூப்பிட்டு விடை வாங்கும் ஸ்கிரிப்ட்டில் இந்த வித்தியாசம் பல மடங்கு. பாஷ் 5.3 பதிப்பு 2025 ஜூலையில் வந்தபோது, நெளிவடைப்புக்குள் எழுதினால் ஃபோர்க் இல்லாமல் விடை வாங்கும் வழியைச் சேர்த்தார்கள். அந்த எழுத்துமுறையும் கார்ன் ஷெல்லில் எப்பவோ வந்துவிட்டது. சீனியரிடம் இதைக் காட்ட வேண்டாம்.

இவ்வளவு இருந்தும் ஏன் ஊரெல்லாம் பாஷ்? கார்ன் ஷெல்லின் மூல நிரல் 2000 வரை திறந்து விடப்படவில்லை. அதற்குள் பாஷ் எல்லா லினக்ஸிலும் பாய் விரித்துப் படுத்துவிட்டது.

கே: லூப்புக்குள் வரிகளை எண்ணினேன். லூப் முடிந்து வெளியே வந்ததும் எண்ணிக்கை பூஜ்யம். பேய் பிடித்திருக்கிறதா?
– குழம்பியவர்

ப: ஃபோர்க் பிடித்திருக்கிறது. பைப்பின் வலப்பக்கம் லூப்பை வைத்தால் பாஷ் அதை ஒரு நகலுக்குள் ஓட்டும். நகல் நன்றாகத்தான் எண்ணியது. எண்ணிய கணக்கோடு இறந்துபோனது. கார்ன் ஷெல்லும் இசட் ஷெல்லும் பைப்பின் கடைசிக் கட்டளையைத் தமக்குள்ளேயே ஓட்டுவதால் அங்கே எண்ணிக்கை பிழைக்கும். பாஷ் 4.2-லிருந்து ஸ்கிரிப்ட்களில் ‘லாஸ்ட்பைப்’ என்ற விருப்பத்தை இயக்கினால் இங்கேயும் பிழைக்கும்.

கே: வரி வரியாகப் படிக்கும் ‘ஒயில் ரீட்’ லூப் ஏன் இப்படி நத்தையாக இருக்கிறது? உள்ளே ஒரு வெளி நிரலைக்கூட நான் கூப்பிடவில்லை. சத்தியம்.
– லாக் கோப்போடு மல்லுக்கட்டுபவர்

ப: நம்புகிறேன். இது ஃபோர்க் செய்த குற்றமில்லை, நாணயத்தின் விலை. ‘ரீட்’ ஒரு வரியைக் கேட்டால் ஒரு வரிதான் எடுக்க வேண்டும். அடுத்த வரியிலிருந்து வேறொரு கட்டளை அதே உள்ளீட்டைப் படிக்கக்கூடும்; அதன் பங்கை இது தின்றுவிடக் கூடாது. கோப்பாக இருந்தால் பாஷ் ஒரு துண்டாகப் படித்துவிட்டு, மிச்சத்துக்கு ஏற்பப் பின்னால் நகர்ந்துகொள்ளும். பைப்பில் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க முடியாது. எனவே ஒரு பைட் கேட்கும், வரி முடிந்ததா என்று பார்க்கும், இன்னொரு பைட் கேட்கும். ஒவ்வொரு கேட்பும் கெர்னலுக்கு ஒரு நடை. 10 மெகாபைட் லாக் என்றால் ஒரு கோடி நடை. ‘ஆக்’, ‘செட்’ போன்றவை பெரிய துண்டுகளாக வாரிக்கொள்வதால் அவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. லாக் கோப்பை அவர்களிடம் விடுங்கள்.

கே: மொழி அமைப்பை ‘சி’ என்று மாற்றினால் எல்லாம் பறக்கும் என்கிறார்கள். மாற்றலாமா?
– பறக்க விரும்புபவர்

ப: ஆங்கில லாக் என்றால் மாற்றுங்கள். ‘சார்ட்’டுக்கு நல்ல பலன் தெரியும், அகரவரிசை விதிகளைப் புரட்டாமல் பைட் மதிப்பை மட்டும் ஒப்பிட்டு அடுக்கிவிடும். தமிழ்க் கோப்பு என்றால் யோசியுங்கள். ‘தமிழ்’ என்ற சொல் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறியீடு. யூடிஎஃப்-8 சேமிப்பில் 15 பைட். சாதாரண அமைப்பில் பாஷிடம் நீளம் கேட்டால் 5 என்னும். சி அமைப்பில் 15 என்னும். மூன்று என்று சொல்லும் ஷெல் இவற்றில் இல்லை. சி அமைப்பில் முதல் நான்கை வெட்டி எடுக்கச் சொன்னால் ஓர் எழுத்து முழுசாகவும் அடுத்ததில் ஆறில் ஒரு பங்கும் வரும். வேகமாக வரும்.

கே: என் மேக்கில் டெர்மினலைத் திறந்தால் இசட் ஷெல் வர இரண்டு நொடி ஆகிறது. பாஷுக்கே திரும்பிவிடலாமா?
– கொட்டாவி விடுபவர்

ப: 2019-ல் வந்த கேட்டலினா பதிப்பிலிருந்து மேக்கில் புதுக் கணக்குகளுக்கு அதுதான் கொடுக்கப்படுகிறது. பாவம், அதன் மேல் பழி. ‘-எஃப்’ என்ற விருப்பத்தோடு திறந்து பாருங்கள். உங்கள் அமைப்புக் கோப்புகளைப் படிக்காமல் சட்டென்று வந்து நிற்கும். அப்படியானால் இரண்டு நொடியைத் தின்பது ஷெல் இல்லை, நீங்கள் அதன் தலையில் ஏற்றியவை. வண்ண வண்ண ப்ராம்ப்ட் தரும் தொகுப்பு ஒன்று, யாரோ சொன்னார்கள் என்று சேர்த்த ப்ளகின்கள், நோட், பைத்தான், ரூபி பதிப்புகளை மாற்றித் தரும் கருவிகள். ஒவ்வொன்றும் தொடக்கத்திலேயே நாலு வெளி நிரல்களை ஓட்டிப் பார்க்கும். ‘இசட்ப்ராஃப்’ என்ற மாட்யூலை அமைப்புக் கோப்பின் முதல் வரியில் ஏற்றிவிட்டு, கடைசியில் அதே பெயரைக் கட்டளையாகக் கொடுத்தால் எந்த ஃபங்ஷன் எவ்வளவு நேரம் தின்றது என்று பட்டியல் தரும். முதல் இரண்டு பெயர்களைக் கவனித்தாலே போதும்.

ப்ராம்ப்ட்டில் கிட் கிளையின் பெயரும் நிலையும் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தால், ஒவ்வொரு முறை என்டர் தட்டும்போதும் கிட் ஒரு நடை போய்வருகிறது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய களஞ்சியத்தில் அந்த நடை நீளமானது.

கே: ஃபிஷ்?
– சுருக்கமாகக் கேட்பவர்

ப: தட்டச்சு செய்ய இன்பம். 2005-ல் வந்தது, 2025-ன் 4.0 பதிப்பில் ரஸ்ட் மொழிக்கு முழுக்க மாறியது. துணை ஷெல்லே கிடையாது, சொற்களை வெட்டி ஒட்டவும் கணக்குப் போடவும் உள்ளுக்குள்ளேயே கட்டளைகள் உண்டு. போசிக்ஸ் இலக்கணம் மட்டும் பேசாது. ஊருக்கு அனுப்பும் ஸ்கிரிப்ட்டை அதில் எழுதாதீர்கள்.

கே: ‘ஆர்குமென்ட் லிஸ்ட் டூ லாங்’ என்று பாஷ் கத்துகிறது. எந்த ஷெல்லுக்கு மாறினால் கத்தாது?
– ஒரே ஃபோல்டரில் ஊரையே வைத்திருப்பவர்

ப: எல்லாம் கத்தும். அது கெர்னலின் வரம்பு. எக்ஸெக் செய்யும்போது கூடவே அனுப்பும் சொற்களுக்கு ஓர் அளவு உண்டு. லினக்ஸில் ஸ்டாக் வரம்பில் கால் பங்கு, வழக்கமாக 2 மெகாபைட். ஷெல்லுக்குள்ளேயே இருக்கும் எக்கோவுக்கு எக்ஸெக் கிடையாது என்பதால் அதே பட்டியலை முணுமுணுக்காமல் அச்சிடும். ‘ஃபைண்ட்’ கட்டளையைப் பயன்படுத்துங்கள், கடைசியில் அரைப்புள்ளிக்குப் பதில் கூட்டல் குறி போடுங்கள். அரைப்புள்ளி என்றால் கோப்புக்கு ஒரு முறை நிரலைக் கூப்பிடும். கூட்டல் குறி என்றால் வரம்பு கொள்ளும் மட்டும் கோப்புகளைத் திணித்து ஒரே முறை கூப்பிடும். ஒரே ஓர் எழுத்து மாறுகிறது, அதற்கு இவ்வளவு பலன் தரும் இடம் யூனிக்ஸில் வேறு எனக்குத் தெரிந்து இல்லை.

கே: ‘கேட்’டில் திறந்து ‘கிரெப்’புக்கு அனுப்பினால் நண்பர் திட்டுகிறார். கிரெப்பே கோப்பைத் திறக்குமாம்.
– திட்டு வாங்குபவர்

ப: திறக்கும். ஒரு ப்ராசஸ் வீண்தான். ராண்டல் ஷ்வார்ட்ஸ் இதற்கென்று கேலி விருதே கொடுத்துக்கொண்டிருந்தார். லூப்புக்குள் இருந்தால் நண்பர் சொல்வது சரி. டெர்மினலில் ஒரு முறை தட்டினால், வீணாவது ஒரு மில்லிசெகண்ட். அவர் திட்டி முடிக்க ஆகும் நேரம் அதைவிட அதிகம்.

கே: விண்டோஸில் சிக்வின் போட்டு ‘கன்ஃபிகர்’ ஓட்டினேன். டீ குடித்துவிட்டு வந்தும் முடியவில்லை.
– இரண்டாவது டீயில் இருப்பவர்

ப: மூன்றாவதும் சொல்லிவிடுங்கள். விண்டோஸில் ஃபோர்க் என்பதே கிடையாது. சிக்வின் அதைப் பாவனை செய்ய வேண்டும். புது ப்ராசஸ் ஒன்றைத் தொடங்கி, தாயின் மெமரியை அதற்குள் நிஜமாகவே நகல் எடுக்க வேண்டும். கன்ஃபிகர் ஸ்கிரிப்ட்டோ சின்னச் சின்னச் சோதனைகளுக்காக ஆயிரக்கணக்கில் ப்ராசஸ்களைப் பெற்றுத் தள்ளும் ஜாதி.

கே: எல்லாவற்றையும் பைத்தானில் எழுதிவிட்டால் என்ன?
– நவீனர்

ப: கணக்கும் லூப்பும் தரவுமாக இருந்தால் எழுதுங்கள், நானே சிபாரிசு செய்கிறேன். நாலு கட்டளைகளைக் கோத்து ஓட்ட மட்டும் என்றால், பைத்தான் எழுந்து முகம் கழுவுவதற்குள் டாஷ் வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கும்.

கே: நானே அளந்து பார்க்க வேண்டும். எப்படி?
– யாரையும் நம்பாதவர்

ப: உங்களைப் போன்றவர்களால்தான் உலகம் நடக்கிறது. ‘டைம்’ போட்டு ஓட்டினால் மூன்று நேரம் வரும்: கடிகார நேரம், நிரலின் சொந்த நேரம், கெர்னலில் கழிந்த நேரம். கெர்னல் நேரம் துருத்திக்கொண்டு நின்றால் ஃபோர்க் அதிகம் என்று சந்தேகப்படலாம். சொந்த நேரமும் கெர்னல் நேரமும் சேர்ந்தே சொற்பமாக இருந்து கடிகார நேரம் மட்டும் நீண்டால், எதற்கோ காத்திருக்கிறது. ஷெல்லை மாற்றிப் பயனில்லை. முதல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வட்டிலிருந்து கோப்புகளைப் படிக்கும் நேரம் அதில் கலந்திருக்கும். ஒரு ஷெல்லின் தொடக்க நேரத்தை அளக்க, ஒன்றும் செய்யாத கட்டளையைக் கொடுத்து ஆயிரம் முறை ஓட்டி வகுத்துப் பாருங்கள். ‘ஹைப்பர்ஃபைன்’ என்ற கருவி இதையெல்லாம் நாகரிகமாகச் செய்து ஏற்ற இறக்கத்தையும் காட்டும். எத்தனை ஃபோர்க் என்றே எண்ண வேண்டுமானால் ‘எஸ்ட்ரேஸ்’: பிள்ளைகளையும் பின்தொடரச் சொல்லி, தொகுத்துக் காட்டச் சொல்லுங்கள். லினக்ஸில் ஃபோர்க் என்ற பெயரைத் தேட வேண்டாம், ‘குளோன்’ என்று வரும். அந்த எண்ணிக்கையைப் பார்த்ததும் சிலர் ஷெல்லைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிடுகிறார்கள்.

கே: அளந்துவிட்டேன். பாஷில் 31 நொடி, டாஷில் 30.9 நொடி. இவ்வளவு நேரம் டாஷ் புகழ் பாடியது எதற்கு? ஸ்கிரிப்ட்டை இணைத்துள்ளேன்.
– அவசரத்தில் இருப்பவர்

ப: பார்த்தேன். பதினேழாம் வரியில் ‘ஸ்லீப் 30’ இருக்கிறது. டாஷும் அதே 30 நொடிதான் தூங்கும்.